ஆதிரை என்ற பெயரின் மூலமும் பொருளும்

கொழும்பில் பிறந்த மகளுக்கு ‘ஆதிரை’ என்று பெயரிட விரும்புவதாகவும், அது வெறும் நட்சத்திரப் பெயர்தானே என்று உறவினர் தயங்குவதாகவும் கேட்டிருந்தீர்கள்.

ஆதிரை நட்சத்திரத்தின் பெயர் என்பது உண்மையே. ‘ஈரமானது’ எனப் பொருள்படும் ஆர்த்திரா என்ற வடசொல் தமிழில் ஆதிரை ஆயிற்று. ஓரியன் விண்மீன் கூட்டத்தில் செந்நிறமாக ஒளிரும் மீன் அது. சிவனுக்கு ஆதிரையான் என்ற பெயரும் உண்டு. கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசுவரர் கோவிலுக்கு மார்கழித் திருவாதிரையன்று செல்வோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இப்பெயரின் பெருமை மணிமேகலைக் காப்பியத்தில்தான் இருக்கிறது என்பேன். பொருளைத் தொலைத்துக் கடலோடிய கணவன் சாதுவன் இறந்தான் என்ற பொய்ச்செய்தி கேட்டுத் தீயில் இறங்கிய ஆதிரையை, அவள் உடுத்த புடவையையும் சூடிய மாலையையும்கூட, நெருப்புச் சுடவில்லை. கணவனும் பின்னர் உயிருடன் திரும்பினான். மணிபல்லவத்தில், அதாவது நம்மவர் பலர் நயினாதீவென்று கொள்ளும் தீவில், மணிமேகலை பெற்ற அமுதசுரபியில் முதற்பிச்சையிடத் தகுந்தவளாகக் காட்டப்பட்டவளும் அவளே. உலகெங்கும் பசிப்பிணி ஒழிக என்று வாழ்த்தியே அவள் சோறிட்டாள். காப்பியத்தின் 16ஆம் காதை அவள் பெயரையே தாங்கி நிற்கிறது.

தயங்காமல் வையுங்கள். பிறப்புப் பதிவின்போது மட்டும் ‘ஆதிரா’ என்று எழுதிவிடாமல், ‘றை’ அல்ல ‘ரை’ என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.