திரும்ப வரும் வரியை வெட்டலாமா?

கேள்வி: சீனாவின் பழைய நாட்டுப்புறப் பாடல்கள் சிலவற்றை ஆங்கிலம் வழியாகத் தமிழாக்கி வருகிறேன். ஒரே வரி மூன்று முறை வருகிறது, வெட்டிவிடு என்கிறார் நண்பர். பல பாடல்களில் சம்பந்தமே இல்லாமல் ஒரு பறவையோ மரமோ முதலில் வந்து நிற்கிறது. 'போல' சேர்த்து உவமையாக்கிவிடலாமா? நம் சங்கப் பாடல்களின் உள்ளுறை உவமம்தானே இது?

பதில்: வெட்டாதீர்கள். 'போல'வும் வேண்டாம். உள்ளுறையா என்ற கேள்விக்குத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நீங்கள் கையில் வைத்திருப்பவற்றில் பெரும்பாலானவை சீனாவின் மிகப் பழைய பாடல் திரட்டான 'ஷி ஜிங்' தொகுப்பைச் சேர்ந்தவையாக இருக்கும். அதன் 305 பாடல்களில் 160 பாடல்கள் 'குவோஃபெங்' என்ற பகுதியில், 15 வட்டாரங்களின் பெயரில் தொகுக்கப்பட்டவை. கிறிஸ்து பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே வாயில் புழங்கிய பாட்டுகள். அவை அரண்மனை இசைவாணர்களின் கைபட்டு வந்தவை என்று கருதும் அறிஞர்களும் உண்டு. எப்படியானாலும் வரிக்கு நான்கு அசை என்ற நடையும் பாடுவதற்கான அமைப்பும் மாறவில்லை.

'ஃபு யி' என்ற பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்கள் ஒரு செடியைப் பறிக்கிறார்கள். இசப்கோலுக்கு உறவான செடி அது என்பது வழக்கமான கருத்து. மொத்தம் 12 வரி, 48 எழுத்து. வரிக்கு வரி எல்லாம் ஒன்றே. வினைச்சொல் மட்டும் ஆறு முறை மாறுகிறது. பறிக்கிறார்கள், எடுத்துக்கொள்கிறார்கள், கீழே கிடப்பதைப் பொறுக்குகிறார்கள், கொத்தாக உருவுகிறார்கள், மடியில் ஏந்துகிறார்கள், கடைசியில் மடியை இடுப்பில் செருகிக்கொள்கிறார்கள். திரும்பும் வரிகளை நீக்கினால் ஆறு வினைச்சொற்களின் பட்டியல்தான் மிஞ்சும். அவற்றைத் திரும்ப வரவிட்டால் ஒரு முற்பகல் வேலை கண்முன் நடந்து, மடி நிறைந்துவிடும்.

உங்கள் நண்பருக்குச் சீனாவிலேயே துணை உண்டு. 18ஆம் நூற்றாண்டுக் கவிஞர் யுவான் மெய் தம் கவிதைக் குறிப்புகளில் ஒரு கேலியைப் பதிந்து வைத்திருக்கிறார்: மெழுகுவர்த்தி ஏற்றுவதையும் திரி கத்தரிப்பதையும் 'ஃபு யி'யின் அதே அச்சில் வார்த்த நையாண்டிப் பாட்டு. அடுத்த நூற்றாண்டில் ஃபாங் யூரன் என்ற உரையாசிரியர், மனத்தை அமைதியாக்கிக்கொண்டு இதைப் பாடிப் பாருங்கள், வெளியில் பெண்கள் கூட்டமாகப் பாடுவது கேட்கும் என்றார். தெற்கில் மலையேறித் தேயிலை பறிக்கும் பெண்களின் பாட்டில் இந்தச் சாயல் இன்னும் இருப்பதாகவும் எழுதினார். நான் ஃபாங் யூரன் கட்சி.

ஆனால் மாறும் சொல் ஒவ்வொன்றிலும் ஆழ்பொருள் தேடவும் வேண்டாம். 'தாவ் யாவ்' திருமணப் பாட்டில் பீச் மரத்துக்கு முதலில் பூ, பிறகு கனி, பிறகு இலை. மணமகளின் அழகு, பிள்ளைப்பேறு, செழிக்கும் குடும்பம் என்று அந்த வரிசைக்குப் பொருள் சொல்லலாம். அதே பாட்டில் முதல் பத்தியில் 'அறையும் வீடும்' என்பது இரண்டாம் பத்தியில் 'வீடும் அறையும்' என்று புரள்கிறது. அது வெறும் இயைபுக்காக, அதாவது வரி முடிவில் ஒலி ஒத்து வருவதற்காக. பூ, கனி, இலை வரிசையைத் தமிழில் கட்டாயம் காப்பாற்றுங்கள்; புரட்டல் போனால் போகட்டும்.

இனி அந்தப் பறவையும் மரமும். சீன மரபு பாடும் முறைகளை மூன்றாகப் பிரிக்கிறது. நேராகச் சொல்வது ஃபு, ஒப்பிட்டுச் சொல்வது பி, வேறொன்றைச் சொல்லித் தொடங்குவது ஷிங். பாட வந்ததைத் தூண்டுவதற்காக முதலில் இன்னொரு பொருளைச் சொல்வதே ஷிங் என்று 12ஆம் நூற்றாண்டில் ஜு ஷி என்ற அறிஞர் விளக்கினார். தொகுப்பின் முதல் பாடலில் ஆற்றுத் திட்டில் பறவைகள் 'குவான் குவான்' என்று கூவுகின்றன. அடுத்து ஒரு நல்ல பெண், அவளை நாடும் ஆண். பழைய உரைகாரர்கள் இதில் அரசியின் கற்பைக் கண்டார்கள். 1920களில் சுஜோ வட்டாரப் பாடல்களைத் திரட்டிய கு ஜியேகாங் நேரெதிராகச் சொன்னார். மின்மினியில் தொடங்கிச் சீமான் மகளின் கல்யாணத்துக்குத் தாவும் பாட்டு ஒன்று அவருக்குக் கிடைத்தது. இரண்டுக்கும் இயைபைத் தவிர உறவில்லை. எடுத்த எடுப்பில் கல்யாணத்தைச் சொன்னால் மொட்டையாக இருக்கும், அவ்வளவுதான் என்றார்.

உள்ளுறையில் கவிஞர் கருப்பொருளுக்குள், அதாவது அந்த நிலத்தின் பறவை, விலங்கு, மரம் போன்றவற்றுக்குள், ஒரு பொருத்தத்தை ஒளித்து வைக்கிறார். வண்டு இன்னார், பூ இன்னார் என்று நாம் பிரித்துக் காட்டிவிடலாம். ஷிங்கில் அந்தப் பொருத்தம் இருக்கலாம், பாதி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். 'போல' என்று எழுதினால் இந்த மூன்றில் ஒன்றை நீங்களே முடிவு செய்துவிடுகிறீர்கள். பறவையை ஒரு வரியிலும் பெண்ணை அடுத்த வரியிலும் வைத்துவிட்டு விலகிக்கொள்ளுங்கள். 'குவான் குவான்' போன்ற இரட்டைச் சொற்கள் இந்தப் பாடல்களில் ஏராளம். ஆங்கிலத்தில் அவை பெரும்பாலும் கரைந்துவிடும். தமிழில் இரட்டைக்கிளவியும் அடுக்குத்தொடரும் இருப்பதால் நாம் அவற்றை மீட்டெடுக்கலாம்.

அடுத்து வந்த ஹான் அரச மரபுக் காலத்தின் 'யுயேஃபு' என்ற வகைப் பாடல்களில் கதையும் உரையாடலும் கூடுகின்றன. ஒரு பாட்டில், 15 வயதில் படைக்குப் போனவர் 80 வயதில் திரும்புகிறார். வீட்டில் நாய் நுழையும் பொந்தில் முயல், உத்தரத்தில் காட்டுக்கோழி. முற்றத்தில் முளைத்த தானியத்தைச் சமைக்கிறார், யாருக்குப் பரிமாறுவது என்று தெரியவில்லை. சோகம் என்ற சொல்லை நீங்கள் சேர்த்துவிடாமல் இருந்தால் போதும். 'ஜியாங்நான்' பாட்டில் தாமரை இலைகளுக்குக் கிழக்கே மீன், மேற்கே மீன், தெற்கே மீன், வடக்கே மீன். 'நாற்புறமும்' என்று சுருக்கினால் மீன் நின்றுவிடும். ஆண் வேடத்தில் படைக்குப் போகும் பெண்ணைப் பற்றிய வடக்கின் முலான் பாடலிலும் இதே ஆட்டம்: கிழக்குச் சந்தையில் குதிரை, மேற்கில் சேணம், தெற்கில் கடிவாளம், வடக்கில் சாட்டை. போருக்குப் புறப்படவே நான்கு சந்தை சுற்றும் அந்தப் பாட்டு, பத்தாண்டுப் போரை ஆறே வரியில் முடித்துவிடுகிறது. அந்த ஏற்றத்தாழ்வைச் சமன்செய்ய முயலாதீர்கள்.

தெற்கின் 'ஸியே' காதல் பாடல்களை மட்டும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அங்கே பட்டு நூலும் ஏக்கமும் ஒரே ஒலி, தாமரையும் காதலும் ஒரே ஒலி. ஆங்கிலம் வழியாக வரும்போது அந்தச் சிலேடை வழியிலேயே உதிர்ந்துவிடும்.

சீனம் தெரியாவிட்டாலும் செய்யக்கூடிய ஒன்று உண்டு. மூலம் இருக்கும் பதிப்பாகத் தேடுங்கள். சுவீடன் நாட்டுச் சீனவியல் அறிஞர் பெர்ன்ஹார்ட் கார்ல்கிரெனின் 1950ஆம் ஆண்டு 'ஷி ஜிங்' பதிப்பில் சீன எழுத்தும் சொல்லுக்குச் சொல் நெருங்கிய ஆங்கிலமும் உண்டு. பத்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த எழுத்தின் வடிவம் மாறுகிறது என்று பென்சிலால் வட்டமிடுங்கள். 'ஃபு யி'யில் ஆறு இடங்கள் தனித்துத் தெரியும். முதலில் அந்த ஆறுக்கும் தமிழ்ச் சொல் தேடுங்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.