வாசகர் கேள்வி-பதில்: கறுப்புத்தாடிக்கு யார் சாட்சி?

போன இதழில் என்னைப் பற்றி நாலு வரி வந்தது. கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது விக்கிப்பீடியாவில் கடற்கொள்ளையர் வரலாறு எழுதும் தன்னார்வலர்களில் ஒருவர் என்று. அதற்கே ஆசிரியர் ஒரு கட்டுக் கடிதத்தைத் தூத்துக்குடிக்கு அனுப்பிவிட்டார். பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் கேட்டிருந்தார்கள். மீதிப் பேருக்கும் அதே நியாயம்தான். ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

விருதுநகர் வாசகர்: கடற்கொள்ளைக்கு என்று தனியாக ஒரு கலைக்களஞ்சியத் திட்டமா? யார் தலைவர்? ஏதாவது சம்பளம் தருகிறார்களா?

சம்பளம் கிடையாது, தலைவரும் கிடையாது. என் மனைவி கேட்ட முதல் இரண்டு கேள்விகளும் இவைதான். பதிலைக் கேட்டபின் மூன்றாவது கேள்வியை அவள் கேட்கவே இல்லை.

விக்கிப்பீடியா ஆங்கிலத்தில் 2001-ல் தொடங்கியது, தமிழில் 2003-ல். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று விட்டுவிட்டால் எல்லாரும் சச்சினைப் பற்றி எழுதுவார்கள், பழைய கப்பலைப் பற்றி ஒருவரும் எழுத மாட்டார்கள். அதனால் ஒரே பொருளில் ஆர்வம் உள்ளவர்கள் கூடி ‘விக்கித் திட்டம்’ என்று ஒன்றை வைத்துக்கொள்கிறார்கள். ரயிலுக்கு, பறவைக்கு, கிரிக்கெட்டுக்கு இருப்பதுபோல ஆங்கில விக்கிப்பீடியாவில் கடற்கொள்ளைக்கும் ஒன்று உண்டு.

அங்கே நடப்பது பெரும்பாலும் குமாஸ்தா வேலை. சம்பந்தப்பட்ட ஒவ்வொரு கட்டுரைக்கும் விவாதத்துக்கென்று ஒரு பேச்சுப் பக்கம் உண்டு, அதில் திட்டத்தின் பெயர்ப் பட்டையை ஒட்ட வேண்டும். குறுங்கட்டுரையா, சிறப்புக் கட்டுரையா, நடுவில் எந்தப் படியா என்று தரம் போட வேண்டும். எவ்வளவு முக்கியம் என்று இன்னொரு மதிப்பு. இதையெல்லாம் ஒரு தானியங்கி எண்ணி அட்டவணை ஆக்கிவிடும். எந்தக் கட்டுரை நாலு வரியோடு கிடக்கிறது, எதற்கு ஒரு மேற்கோள்கூட இல்லை என்பது அதில் தெரிந்துவிடும். அப்புறம் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ள வேண்டியதுதான், கோயிலில் மண்டகப்படி பிரிப்பதுபோல.

சண்டை வருவது எல்லையில். ரோமாபுரிச் சீசர் இளவயதில் சிலிசியக் கொள்ளையரிடம் சிக்கினார். அவர்கள் 20 தாலந்து பிணைப்பணம் கேட்க, என் தலைக்கு இவ்வளவுதானா, 50 கேளுங்கள் என்றாராம். புளூட்டாக் என்ற பழைய கிரேக்க எழுத்தாளர் எழுதி வைத்த கதை. சரி, அதற்காகச் சீசர் கட்டுரையில் நம் பட்டையை ஒட்டுவதா? கூடாது என்பது என் கட்சி. அப்படிப் பார்த்தால் கடலில் கால் நனைத்தவரெல்லாம் உள்ளே வந்துவிடுவார்கள்.

கோயம்புத்தூர் வாசகர்: ‘பைரசி’ என்கிறீர்களே, திருட்டு விசிடியும் உங்கள் திட்டத்தில் வருமா?

வராது. புத்தகத்தைத் திருடி அச்சடிப்பவனையும் கப்பலைக் கொள்ளையடிப்பவனையும் ஒரே சொல்லால் அழைப்பது ஆங்கிலத்தில் 300 வருடத்துக்கு மேலான பழக்கம். தமிழில் அந்தக் குழப்பமே இல்லை. இருந்தும் என் அண்ணன் மகன் நான் ஏதோ சினிமாக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன் என்று இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தான்.

திருச்சி வாசகர்: கறுப்புத்தாடி என்ற கொள்ளையன் தாடியில் திரியைக் கொளுத்திக்கொண்டு சண்டைக்கு வருவானாமே, உண்மையா?

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள் ஐயா. எங்கள் தலைவலியில் பாதி இதுதான்.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடுவோம். எட்வர்ட் டீச். 1717 நவம்பரில் ‘லா கன்கார்ட்’ என்ற பிரெஞ்சு அடிமைக் கப்பலைப் பிடித்து, அதற்கு ‘அரசி ஆனின் வஞ்சம்’ என்று பொருள்படும் பெயரை வைத்தவன். 1718 மே மாதம் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தையே அடைத்து நின்றான். பிணையாளிகளை விடுவிக்க அவன் கேட்டது தங்கம் அல்ல, ஒரு மருந்துப் பெட்டி. அந்த நவம்பர் 22-ல் வட கரோலினாவின் ஓக்ரகோக் அருகே ராபர்ட் மேனார்ட் என்ற கடற்படை லெப்டினன்டோடு நடந்த சண்டையில் செத்தான். ஐந்து குண்டுகளும் இருபது வெட்டுகளும் என்று மேனார்டே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவனுடைய கப்பல் பியூஃபோர்ட் அருகே மணலில் தட்டி நின்றது 1718-ல். மிச்சத்தைக் கண்டெடுத்தது 1996-ல். இதுவரை சொன்னதற்கெல்லாம் கடிதம், வாக்குமூலம், கடலடிப் பொருள் என்று கையில் ஏதாவது இருக்கிறது. அவனிடம் கப்பலைப் பறிகொடுத்த ஹென்றி பாஸ்டக் என்ற மாலுமி கொடுத்த வாக்குமூலமும் உண்டு: உயரமான, ஒல்லியான ஆள், மிகக் கறுத்த நீண்ட தாடி. திரி, தீப்பொறி, புகை எதுவும் அதில் இல்லை.

திரி வருவது 1724-ல் லண்டனில் வெளியான ‘கொள்ளையரின் பொது வரலாறு’ என்ற புத்தகத்தில். அதிலும் தொப்பிக்குக் கீழே முகத்தின் இரு பக்கமும் திரி செருகியிருந்தான் என்றுதான் இருக்கிறது. அதைத் தாடிக்குள் கொண்டுபோய் வைத்தது அப்புறம் வந்தவர்கள். எழுதியவர் பெயர் கேப்டன் சார்ல்ஸ் ஜான்சன், அதுவே புனைபெயர். 1932-ல் ஓர் அமெரிக்கப் பேராசிரியர் இது ‘ராபின்சன் குரூசோ’ எழுதிய டானியல் டிஃபோ எழுதியது என்றார். நூலகங்கள் பட்டியல் அட்டையில் ஆசிரியர் பெயரை மாற்றின. 1988-ல் இரண்டு ஆய்வாளர்கள் அதற்கு ஆதாரம் இல்லை என்று காட்டினார்கள். இப்போது மறுபடி யாரோ ஒரு ஜான்சன். சரி, யார் எழுதினால் என்ன என்கிறீர்களா? இரண்டாம் பாகத்தில் மிசோன் என்று ஒரு கேப்டன் வருகிறான். மடகாஸ்கரில் ‘லிபர்டாலியா’ என்ற சமத்துவக் குடியரசை நிறுவுகிறான். அப்படி ஓர் ஆளோ ஊரோ இருந்ததற்கு வேறு எங்கும் சுவடே இல்லை. ஆனால் அதே பக்கங்களில் தாமஸ் டியூ என்ற அசல் கொள்ளையனும் வந்து கைகுலுக்குகிறான். பாலில் தண்ணீர் கலந்தால் கண்டுபிடித்துவிடலாம், இந்த மனிதர் பாலில் பாலையே கலந்திருக்கிறார்.

அதனால் நாங்கள் செய்வது இவ்வளவுதான்: ‘திரி கொளுத்தினான்’ என்று இருக்கும் வரியை ‘1724-ல் வந்த புத்தகம் சொல்கிறது’ என்று மாற்றுவது. மறுநாள் யாராவது பழையபடி ஆக்கியிருப்பார்கள். மறுபடி மாற்றுவோம். இன்னொரு செய்தி, நிறையப் பேருக்கு ஏமாற்றமாக இருக்கும்: பிடித்த ஆட்களை டீச் கொன்றதாக உறுதியான சான்று எதுவும் இல்லை.

நாகர்கோவில், பதினோராம் வகுப்பு மாணவி: பெண் கொள்ளையர் இருந்தார்களா?

இருந்தார்கள் அம்மா. ஆன் பானி, மேரி ரீட் இருவரும் 1720 அக்டோபரில் ஜாக் ராக்கம் என்ற கொள்ளையனின் கப்பலில் பிடிபட்டு ஜமைக்காவில் விசாரிக்கப்பட்டார்கள். ஆண் வேடத்தில் மறைந்திருந்தார்கள், கப்பலில் பெரும்பாலோருக்குத் தெரியாது என்று அந்த 1724 புத்தகம் கதை அளக்கிறது. ஆனால் வழக்கு விவரம் 1721-லேயே ஜமைக்காவில் அச்சாகியிருக்கிறது. அதில் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் சாட்சி சொல்கிறார்கள்: கப்பலைத் துரத்தும்போது மட்டும் ஆண் உடை, மற்ற நேரம் பெண் உடை. இந்தக் கொள்ளையரிடம் சிக்கிய டாரத்தி தாமஸ் என்ற பெண் இன்னும் விவரமாகச் சொல்கிறாள்: நீண்ட கால்சட்டை, தலையில் கட்டிய கைக்குட்டை, ஒவ்வொருத்தி கையிலும் வெட்டரிவாளும் துப்பாக்கியும். அவளைக் கொன்றுவிடும்படி ஆண்களை அவர்கள் திட்டினார்களாம், பின்னால் வந்து சாட்சி சொல்லிவிடுவாள் என்று. சொல்லியும்விட்டாள்.

இருவரும் கர்ப்பம் என்றதால் தூக்கு தள்ளிப்போனது. மேரி ரீட் 1721-ல் சிறையிலேயே இறந்தார். ஆன் பானி என்ன ஆனார் என்பதற்குப் பதிவு இல்லை. அவருக்கு ஒரு முடிவு எழுதிவிட வேண்டும் என்று மாதம் ஒருவராவது கை அரிக்க வருகிறார்கள்.

இன்னும் பெரிய ஆள் வேண்டுமென்றால் சீனக் கடலின் செங் ஈ சாவ். கணவன் இறந்தபின் கொள்ளையர் கூட்டமைப்பையே நடத்தி, 1810-ல் அரசோடு பேரம் பேசிச் சரணடைந்து, 1844 வரை வாழ்ந்தவர். என்னைக் கேட்டால் கறுப்புத்தாடியைவிட இவருக்குத்தான் நீளமான கட்டுரை வேண்டும்.

சென்னை வாசகர்: கானோஜி ஆங்கரேயையும் குஞ்ஞாலி மரைக்காயரையும் கொள்ளையர் பட்டியலில் வைத்திருக்கிறார்களே, வெட்கமாக இல்லையா?

கோபம் புரிகிறது. நானும் அந்தக் கோபத்தோடுதான் உள்ளே வந்தேன். முதல் வாரமே ஆங்கரே பற்றி ஒரே மூச்சில் நாற்பது வரி எழுதினேன், ‘மாவீரன்’ என்ற சொல் மட்டும் ஆறு இடத்தில். பத்து நிமிடத்தில் யாரோ ஒருவர் மொத்தத்தையும் நீக்கிவிட்டு, பேச்சுப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி வைத்திருந்தார்: எங்கே படித்தீர்கள்? எங்கேயும் படிக்கவில்லை. பம்பாயில் கப்பல் பழுதுக்கு நின்றபோது ஒரு ஃபிட்டர் சொன்னது. கோபத்தில் இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் நூலகத்துக்குப் போனேன்.

படித்தபின் விஷயம் வேறு மாதிரி தெரிந்தது. போர்த்துக்கீசியர் தங்கள் கடவுச்சீட்டு இல்லாமல் இந்தியப் பெருங்கடலில் போகும் கப்பலைப் பிடித்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர் சட்டம். ஆங்கரே மராட்டியக் கடற்படையின் தலைவர். அவரும் கொங்கணக் கரையில் சீட்டுக் கொடுத்தார், சீட்டு இல்லாத கப்பலைப் பிடித்தார். அதற்குப் பெயர் கொள்ளை. 1721-ல் ஆங்கிலேயரும் போர்த்துக்கீசியரும் சேர்ந்து வந்தும் அவருடைய கொலாபாக் கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் கடற்படைத் தலைவர் நாலாம் குஞ்ஞாலி கதை இன்னும் கசப்பு: 1600-ல் அதே சாமூதிரியும் போர்த்துக்கீசியரும் கைகோத்தார்கள், அவர் சாமூதிரியிடம் சரணடைந்தார், கோவாவில் தலை போயிற்று. இன்று நம் கடற்படை நிலையங்களுக்கு ஆங்கரே, குஞ்ஞாலி என்று பெயர்.

திருப்பியும் பாருங்கள். 1695-ல் ஹென்றி எவரி என்ற ஆங்கிலேயன் ஒளரங்கசீப்பின் கஞ்ச்-இ-சவாய் கப்பலைச் சூறையாடினான். உடனே சூரத்தில் இருந்த ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்களை மொகலாய அதிகாரிகள் பிடித்து அடைத்தார்கள். அவர்கள் கண்ணில் இங்கிலாந்துக்காரர் எல்லாரும் ஒரே கூட்டம்தான். பிரான்சிஸ் டிரேக் என்ற ஆங்கிலக் கடலோடியை ஸ்பெயின் கொள்ளையன் என்றது, இங்கிலாந்து 1581-ல் சர் பட்டம் கொடுத்தது.

ஆகவே கட்டுரையில் நாங்கள் ‘கொள்ளையன்’ என்றும் எழுதுவதில்லை, ‘மாவீரன்’ என்றும் எழுதுவதில்லை. பதவியை முதல் வரியில் எழுதி, யார் யார் அவரை என்ன சொன்னார்கள் என்பதை அவரவர் பெயரோடு அடுத்து வைக்கிறோம். திட்டத்தின் பட்டை பேச்சுப் பக்கத்தில் இருக்கும். அதற்கு அவர் கொள்ளையர் என்று அர்த்தம் இல்லை, நாங்கள் அந்தக் கட்டுரையைக் கவனித்துக்கொள்கிறோம் என்று அர்த்தம்.

மதுரை, தமிழாசிரியர்: சங்க காலத்திலேயே சேரன் கடற்கொள்ளையரை ஒடுக்கினானே, அதைச் சேர்த்துவிட்டீர்களா?

பதிற்றுப்பத்தில் இரண்டாம் பத்து, குமட்டூர்க் கண்ணனார் பாடியது. இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் கடல் நடுவே இருந்த பகைவரை வென்று, அவர்களுடைய காவல்மரமான கடம்பை வெட்டி முரசு செய்தான் என்று வருகிறது. ஐயா, கவனியுங்கள்: பகைவர் என்றுதான் இருக்கிறது, கொள்ளையர் என்று இல்லை. ரோமானியரான பிளினி, முசிறிக்குப் பக்கத்தில் நித்ரியாஸ் என்ற இடத்தில் கொள்ளையர் இருந்தார்கள், அதனால் கப்பல்களில் வில்லாளிகளை ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று எழுதுகிறார். இரண்டையும் முடிச்சுப் போட்டவர்கள் வரலாற்றாசிரியர்கள். அவர்கள் போட்ட முடிச்சு என்று சொல்லித்தான் சேர்க்க முடியும். நீங்களோ நானோ புதிதாக ஒரு முடிச்சுப் போட்டால் அது ‘சொந்த ஆய்வு’, அதற்கு அங்கே இடமில்லை.

இராமேஸ்வரம் வாசகர்: கப்பலில் இருந்தீர்களே, நிஜக் கொள்ளையரைப் பார்த்ததுண்டா?

இல்லை. 2010-ல் ஏடன் வளைகுடா வழியாகப் போனோம், சோமாலியாக்காரர் பயம் உச்சத்தில் இருந்த நேரம். கைப்பிடிக் கம்பியெங்கும் முள்கம்பிச் சுருள், இரு பக்கமும் தீயணைப்புக் குழாயில் தண்ணீர் பீய்ச்சியபடி போவோம். என் பழைய பாய்லர் சூட் ஒன்றில் கந்தலை அடைத்து, தலைக்கு ஹெல்மெட் வைத்து, மேல்தளத்தில் காவலாளி மாதிரி நிறுத்தினார்கள். சோளக்கொல்லைப் பொம்மைதான். ஆபத்து வந்தால் எல்லாரும் ஸ்டியரிங் அறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. தூரத்தில் தெரிந்த ஒவ்வொரு மீன்பிடிப் படகும் கொள்ளையராகத்தான் தெரிந்தது.

அந்தப் பயம் என்ன செய்யும் என்பதற்கு 2008 நவம்பர் சாட்சி. நம் போர்க்கப்பல் ஐ.என்.எஸ். தபர், தன்னைத் தாக்கப் போவதாக மிரட்டிய கொள்ளையரின் தாய்க்கப்பல் என்று ஒன்றை மூழ்கடித்தது. அது கொள்ளையர் கைப்பற்றி வைத்திருந்த தாய்லாந்து மீன்பிடிக் கப்பல் என்று உரிமையாளர் பின்னால் சொன்னார். பிணையாளிகளும் அதில்தான் இருந்தார்கள். கட்டுரையில் இரு தரப்பும் சொன்னது இருக்கிறது. என் பாய்லர் சூட் எந்தக் கட்டுரையிலும் இல்லை. கண்ணால் பார்த்தது மேற்கோள் ஆகாது.

கும்பகோணம் வாசகர்: வயது 68. கணினி இல்லை, போன்தான். நானும் சேரலாமா?

தாராளமாக. போனிலேயே ‘தொகு’ என்ற பொத்தான் இருக்கும். முதல் மாதம் எழுத்துப்பிழை மட்டும் திருத்துங்கள், சந்திப்பிழைக்கே ஒரு ஆயுள் போதாது. எழுதிப் பழக ‘மணல்தொட்டி’ என்று தனிப் பக்கம் தருவார்கள். அங்கே என்ன எழுதினாலும் யாரும் கேட்க மாட்டார்கள். யாராவது உங்கள் வரியை நீக்கினால் அன்று மட்டும் பதில் எழுதாதீர்கள், நான் எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. உங்கள் ஊர்ப் பக்கம் பழைய நூலகங்கள் அதிகம். மராட்டியர் கடற்படை பற்றித் தமிழில் ஏதாவது புத்தகம் கண்ணில் பட்டால் நூலாசிரியர் பெயர், பதிப்பு ஆண்டு, பக்க எண் மூன்றையும் குறித்து ஆசிரியர் முகவரிக்கே அனுப்புங்கள். அட்டைப்படம் வேண்டாம், பக்க எண் கட்டாயம்.