செல்போன் சொன்ன 142-ஐ நம்பலாமா?

அஸ்தம்பட்டியில் எங்கள் குடியிருப்பில் ஒருவர் தன்னுடைய ஐக்யூ சான்றிதழை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார். அன்று முதல் எனக்குக் கேள்வியாக வந்து குவிகிறது. பிள்ளைகளுக்கு அறிவுத்திறன் சோதனை வைத்துப் பார்ப்பதுதான் இருபது வருஷமாகச் சேலத்தில் எனக்குத் தொழில், அதனால் என் தலையில் விழுந்தது. வந்ததில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

ஹாஸ்டல் அறையில் ஆறு பேரும் ஆன்லைனில் எழுதினோம். ஒருத்தருக்கும் 130-க்குக் கீழே வரவில்லை. எனக்கு 142. சான்றிதழுக்கு 499 ரூபாய் கேட்கிறது. கட்டலாமா மேடம்?
— கல்லூரி மாணவர், ஐந்து ரோடு

கட்டாதே தம்பி. விடை உன் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ஐக்யூவில் சராசரி 100, திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்கிற அளவு) 15. நூறு பேரில் 68 பேர் 85-க்கும் 115-க்கும் நடுவில் இருப்பார்கள். 130-ஐத் தாண்டுகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர். 142 என்றால் ஏறக்குறைய நானூறு பேரில் ஒருவர். 130-க்குக் குறையாத ஆறு பேர் ஒரே அறையில் சேர்ந்திருக்கிறீர்கள் என்றால், வார்டன் அறை ஒதுக்கியதில் ஏதோ மாயம் நடந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தேர்வில்.

கேள்விகளை இலவசமாகக் கொடுத்துவிட்டு, கடைசியில் காசு கேட்கிற கடை அது. 93 என்று காட்டினால் யார் சான்றிதழ் வாங்குவார்கள்?

இன்னொன்றையும் கவனி. 142 என்றால் எந்த அளவுகோலில்? ரேமண்ட் கேட்டல் என்கிற உளவியலாளரின் அளவுகோலில் திட்ட விலக்கம் 24. அங்கே 148 எடுப்பதும், உலகமெங்கும் பழக்கத்தில் இருக்கும், திட்ட விலக்கம் 15 உள்ள வெக்ஸ்லர் அளவுகோலில் 130 எடுப்பதும் ஒன்றுதான். உன் 142 கேட்டல் கணக்கு என்றால், வெக்ஸ்லரில் அது 126. எந்த அளவுகோல் என்றே சொல்லாத எண், கிலோவா பவுண்டா என்று சொல்லாத எடை மாதிரி.

என் பையனுக்கு எட்டு வயது. ஸ்கூலில் 'ஸ்லோ' என்றார்கள். பயந்துபோய் ஆன்லைனில் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் 87, இன்னொன்றில் 118. எதை எடுத்துக்கொள்வது?
— ஒரு தாய், அம்மாபேட்டை

இரண்டையும் விட்டுவிடுங்கள் அம்மா.

நம் ஊர் ஆட்களுக்கு இதைக் கிழங்கை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். சேகோ மில்லில் மரவள்ளிக்கிழங்கைத் தண்ணீரில் மூழ்கவைத்து எடை பார்த்து, மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று சொல்வார்கள். ஒரே மூட்டைக் கிழங்கை மூன்று தரம் போட்டு, மூன்று தரமும் 26 வந்தால் அந்த ஸ்கேல் நம்பகமானது. ஆனால் கிழங்கில் உண்மையில் இருப்பது 28 என்றால்? நம்பகமாகத் தப்புச் சொல்கிறது, அவ்வளவுதான். தேர்வுக்கும் இந்த இரண்டு பரீட்சைகள் உண்டு: திரும்ப அளந்தால் அதே விடை வருகிறதா, அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறதா. உங்கள் பையனுக்கு வந்த இரண்டு எண்களுக்கு நடுவே 31 புள்ளி இடைவெளி. இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவே இல்லை. இரண்டாவது பரீட்சைக்குப் போகவே வேண்டாம்.

நேரில் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். ஒரு மேசை, எதிரே பையன், என் கையில் ஸ்டாப்வாட்ச். சிவப்பு வெள்ளைக் கட்டைகளை வைத்து, படத்தில் இருக்கிற மாதிரி அவன் அடுக்க வேண்டும். ஒரு பையன் ஒவ்வொரு கட்டையையும் விளிம்பு பிசகாமல் நகத்தால் நகர்த்தி நகர்த்தி நேர் செய்துகொண்டே இருந்தான். நேரம் முடிந்து சில விநாடி கழித்துத்தான் கையை எடுத்தான். அடுக்கியது அச்சு மாதிரி சரி. விதிப்படி மதிப்பெண் சுழியம். சுழியம்தான் போட்டேன், ஆனால் பக்கத்திலேயே எழுதி வைத்தேன்: 'தெரியாமல் இல்லை, திருத்தமாகச் செய்கிறான்'. அறிக்கையில் அந்த ஒரு வரிக்குத்தான் மதிப்பு. செல்போனுக்கு அது தெரியாது. பையன் பசியோடு இருந்தானா, பக்கத்தில் அக்கா விடை சொன்னாளா, அதுவும் தெரியாது.

முடிவையும் ஒற்றை எண்ணாக நாங்கள் சொல்வதில்லை. '92-லிருந்து 104-க்குள்' என்கிற மாதிரி ஒரு வரம்பாகத்தான் எழுதுவோம். எந்தச் சோதனையிலும் பிழை உண்டு, அதை ஒளிக்காமல் காட்டுவதுதான் முறை.

1905-இல் பாரீஸில் உளவியலாளர் பினேயும் அவரோடு வேலை செய்த சிமோனும் முதல் சோதனையை உருவாக்கியதே, வகுப்பில் கூடுதல் உதவி யாருக்குத் தேவை என்று கண்டுபிடிக்கத்தான். அறிவு என்பது மாறவே மாறாத அளவு என்பதைப் பினே ஏற்கவும் இல்லை. சரி, முதலில் பையனின் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். போர்டு தெரியாமல் 'ஸ்லோ' ஆன பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மலைக்கிராமத்துப் பள்ளியில் வேலை. ஐந்தாம் வகுப்புக்கு ஆர்வத்தில் ஆன்லைன் தேர்வு வைத்தேன். எல்லாருக்கும் குறைவாகவே வந்தது. நம் பிள்ளைகள் அவ்வளவுதானா?
— ஆசிரியர், ஏற்காடு

சார், தேர்வு ஆங்கிலத்தில்தானே இருந்தது? அப்படியானால் நீங்கள் அளந்தது அவர்களின் ஆங்கில வாசிப்பை.

என் தப்பையே ஒன்று சொல்கிறேன். ஒருமுறை மலைக்கு வந்தபோது, பிள்ளைகள் கூச்சம் போகட்டும் என்று நானே ஒரு பயிற்சிக் கேள்வி எழுதிக்கொண்டு வந்தேன். 'காபி, மிளகு, ஏலக்காய், ஆரஞ்சு. எது சேராது?' நான் நினைத்த விடை ஆரஞ்சு, அது மட்டும்தானே பழம். ஒரு பையன் மிளகு என்றான். ஏன் என்றேன். "மத்ததெல்லாம் தானா நிக்கும் மிஸ். மிளகுக் கொடிக்கு சில்வர் ஓக் மரம் வேணும்." என் விடையைவிட அது நல்ல விடை. அன்றைக்கே அந்தக் கேள்வியைக் கிழித்துப் போட்டேன்.

அதனால்தான் வெளியூர்ச் சோதனையை அப்படியே எடுத்து வைப்பதில்லை. வெக்ஸ்லரின் குழந்தைகள் சோதனையை நாக்பூரில் மாலின் என்பவர் இந்தியப் பிள்ளைகளுக்கு ஏற்ப மாற்றினார். பினேயின் சோதனையைக் காமத் என்பவர் மாற்றினார். இந்த இரண்டும் இன்றும் நம் நாட்டில் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றிலும் ஒரு குறை உண்டு: ஒப்பிட்டுப் பார்க்கும் அட்டவணை பழசு. இருபதாம் நூற்றாண்டில் பல நாடுகளில் பத்து ஆண்டுக்கு ஏறக்குறைய 3 புள்ளி என்று சராசரி ஏறிக்கொண்டே வந்தது. அதற்கு ஃபிளின் விளைவு என்று பெயர். பழைய அட்டவணையோடு ஒப்பிட்டால் எண் கொஞ்சம் பெருத்துத்தான் தெரியும். ஆன்லைன் தேர்வில் இந்தக் கவலைக்கே இடமில்லை, ஏனென்றால் யாரோடு ஒப்பிடுகிறார்கள் என்பதையே பெரும்பாலும் சொல்வதில்லை.

மகன் தினமும் பயிற்சி செய்து மூன்று வாரத்தில் 104-லிருந்து 128-க்கு வந்துவிட்டான். அறிவு வளர்கிறதுதானே?
— வெள்ளிப்பட்டறை உரிமையாளர், செவ்வாய்பேட்டை

அந்தத் தேர்வு எழுதுவதில் தேறியிருக்கிறார் அண்ணா. படப் புதிர்களில் பத்துப் பதினைந்து சூத்திரங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். பிடிபட்டுவிட்டால் எண் ஏறும். கொலுசின் மேல் பாலிஷ் ஏறினால் டச் (வெள்ளியின் சுத்தம்) ஏறிவிடுமா என்ன?

ஐன்ஸ்டீனுக்கு 160 என்கிறார்களே?

அவர் ஐக்யூ தேர்வு எழுதியதாகப் பதிவே இல்லை.

அப்படியானால் ஆன்லைன் தேர்வு எல்லாமே குப்பையா?
— ஐ.டி. ஊழியர், ஃபேர்லேண்ட்ஸ்

இல்லை. ஐக்யூ அதிகமாக இருப்பவர்களின் சங்கமான மென்சாவின் நார்வே கிளை வைத்திருக்கும் தேர்வு 25 நிமிடத்தில் 35 படப் புதிர். எண்ணை 85-க்கும் 145-க்கும் நடுவில்தான் சொல்லும், அதற்கு மேல் அளப்பதாகக் கதை விடாது. ஆனாலும் அதைக் காட்டி மென்சாவில் சேர முடியாது. கண்காணிப்பில் எழுத வேண்டும். பொழுதுபோக்காக எழுதுங்கள், தப்பில்லை. எழுதும் முன் மூன்றைப் பாருங்கள்: யார் தயாரித்தது, யாரோடு ஒப்பிடுகிறார்கள், முடிவைப் பார்க்கக் காசு கேட்கிறார்களா. மூன்றாவதற்கு 'ஆமாம்' என்றால் மற்ற இரண்டையும் பார்க்க வேண்டாம்.

உண்மையாகவே சோதனை தேவைப்பட்டால் சேலத்தில் எங்கே போவது?
— முன்பு கேட்ட அதே அம்மாபேட்டைத் தாய்

அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேளுங்கள். தனியாரிடம் போவதானால், இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளரா என்று பாருங்கள். பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சப்பட வேண்டாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது. படிப்பில் திணறுவதற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம், அதை ஐக்யூவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. சலுகைக்கான சான்றிதழ் எதற்கும் ஆன்லைன் எண் செல்லாது.

காலையில் கூட்டிப் போங்கள், வயிறு நிறைய டிபன் கொடுத்து. பழைய நோட்டுகள் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், கையெழுத்தைப் பார்க்க உதவும். அப்புறம், பஸ்ஸில் போகும்போது அவன் 'போன தடவை எனக்கு எவ்வளவு வந்துச்சு' என்று கேட்டால், அந்த 87-ஐ மட்டும் சொல்லிவிடாதீர்கள்.