மூன்று மாத வேலைக்கு உகாண்டா போகிறேன். சென்னையிலிருந்து கிளம்பும் முன் உடம்புக்காக என்னென்ன செய்துகொள்ள வேண்டும்?

"நாம பார்க்காத வெயிலா, நாம பார்க்காத கொசுவா" என்று வீட்டிலும் ஆபீஸிலும் சொல்வார்கள். தயவுசெய்து அதைக் காதில் வாங்காதீர்கள். நான் உகாண்டா தலைநகர் கம்பாலாவில் வேலை பார்த்தபோது காய்ச்சலில் படுத்த நம் ஊர்க்காரர்கள் பலரும் இதைச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள்தான்.

முதல் வேலை, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. அரசு அங்கீகரித்த மையத்தில் போட்டால்தான் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் ராஜாஜி சாலை துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். எந்தெந்த நாளில் போடுகிறார்கள், முன்பதிவு எப்படி என்று விசாரித்துக்கொண்டு பாஸ்போர்ட்டோடு போங்கள். ஊசி போட்டு 10 நாள் கழிந்த பிறகுதான் சான்றிதழ் செல்லுபடியாகும், அதனால் டிக்கெட் தேதியை அதற்கேற்ப வையுங்கள். 2016 ஜூலையிலிருந்து இந்தச் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். முட்டை அலர்ஜி இருந்தாலோ, ஸ்டீராய்டு போல எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுத்தாலோ, வயது 60-ஐத் தாண்டியிருந்தாலோ டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸால் ஆன ஊசி அது.

அந்தச் சான்றிதழ், அதாவது மஞ்சள் அட்டை, கைக்கு வந்ததும் அங்கேயே நின்று ஒருமுறை படித்துப் பாருங்கள். நமக்கு இனிஷியல் தொல்லை உண்டு. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், அட்டையில் வெறும் இனிஷியல் விழுந்திருக்கும். பெயர், பாஸ்போர்ட் எண், ஊசி மருந்தின் பேட்ச் எண், முத்திரை, கையெழுத்து எல்லாம் சரியா என்று பார்த்துவிட்டு வாருங்கள். என்டெபி விமான நிலையத்தில் இறங்கியதும் அதைக் கேட்பார்கள். திரும்பி வரும்போதும் கேட்பார்கள். மஞ்சள் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம்மிடம் தாராளமாக இருக்கிறது, நோய்தான் இன்னும் வரவில்லை. அதனால் அட்டை இல்லாமல் வந்தால் 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள்.

இனி மலேரியா. நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். சென்னையில் பெரும்பாலும் வருவது வைவாக்ஸ் வகை. உகாண்டாவில் பெரும்பாலும் ஃபால்சிபேரம். மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கி, கவனிக்காமல் விட்டால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். சின்ன வயதில் ராயபுரத்தில் மலேரியா வந்து போனது என்பதெல்லாம் அங்கே பாதுகாப்பு ஆகாது. பழைய மலேரியா மாத்திரையான குளோரோகுயினையும் அங்கே நம்ப முடியாது.

தடுப்பு மாத்திரை எது என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். டாக்ஸிசைக்ளின் என்றால் தினமும் ஒன்று, கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கலாம். மெஃப்ளோகுயின் வாரம் ஒன்று, 2 வாரம் முன்பே தொடங்குவது நல்லது. வலிப்பு, மனச்சோர்வு இருந்தவர்களுக்கு அது ஆகாது. இரண்டையும் ஊர் திரும்பிய பிறகும் 4 வாரம் விடாமல் சாப்பிட வேண்டும். கிருமி முதலில் கல்லீரலில் தங்கி, அப்புறம்தான் இரத்தத்துக்கு வருகிறது. இந்த மாத்திரைகள் அதை இரத்தத்தில்தான் பிடிக்கும். மீனம்பாக்கத்தில் இறங்கியதும் நிறுத்திவிடுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். மாத்திரை சாப்பிட்டாலும் கொசுவலை வேண்டும். மலேரியா கொசு அந்தி சாய்ந்ததிலிருந்து விடியும் வரை கடிக்கும். வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிக்கொண்டு படுங்கள்.

என்னோடு அங்கே இருந்த நண்பர் ஒருவர் ஐப்பசி மழையில் சென்னை திரும்பினார். காய்ச்சல் வந்தது. பக்கத்து கிளினிக்கில் டெங்கு சீசன் என்று டெங்கு டெஸ்ட் மட்டும் எடுத்து, பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் கண் மஞ்சளாகி, பேச்சுக் குழறிய பிறகுதான் வேறு ஆஸ்பத்திரியில் மலேரியா என்று தெரிந்தது. ஐசியுவில் இருந்து பிழைத்து வந்தார். எந்த டாக்டரிடம் போனாலும் உட்கார்ந்ததும் "உகாண்டாவிலிருந்து வந்திருக்கிறேன், மலேரியா டெஸ்ட் எடுங்கள்" என்று நீங்களே சொல்லுங்கள். திரும்பி 3 மாதம் வரை எந்தக் காய்ச்சலுக்கும் இதைச் சொல்லுங்கள், அதுவும் அன்றைக்கே. உங்கள் வீட்டுக்காரர்களுக்கும் இது தெரிந்திருக்கட்டும்.

மற்றவை சீக்கிரம் சொல்கிறேன். டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, டெட்டனஸ் ஊசிகள் பாக்கி இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். விக்டோரியா ஏரியைப் பார்த்தால் இறங்கத் தோன்றும். குளிக்காதீர்கள், காலையும் நனைக்காதீர்கள். நத்தை வழியாகப் பரவும் பில்ஹார்சியா புழு தோலைத் துளைத்து உள்ளே போகும். போடா போடா என்கிற பைக் டாக்ஸி மலிவு, ஆனால் விபத்து அதிகம். இரவில் ஊர் விட்டு ஊர் காரில் போவதையும் தவிருங்கள். பிரஷர், சுகர் மாத்திரைகளை மூன்று மாதத்துக்கும் சேர்த்து, பிரிக்காத அட்டையாக, டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள்.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது, நிலைமை மோசமானால் நைரோபிக்கோ இந்தியாவுக்கோ விமானத்தில் கொண்டுபோகும் செலவு அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கம்பெனி வேலையாகப் போகிறீர்கள், ஊசி, மாத்திரைச் செலவையும் அவர்களிடமே கேளுங்கள்.