அருணாசலப் பிரதேச எல்லையில் ராணுவ ஹெலிகாப்டர்கள் திரும்பத் திரும்ப விழுவது ஏன்? பழைய இயந்திரங்கள்தான் காரணமா?

பழைய இயந்திரமும் ஒரு காரணம்தான். ஆனால் அதை முதற்காரணம் என்று நான் சொல்லமாட்டேன். நான் விமானியும் இல்லை, பொறியாளனும் இல்லை. தரைப்படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் இரண்டு குளிர்காலங்களைத் தவாங் மாவட்டத்தில், சாலை எட்டாத ஒரு எல்லைக் காவல் போஸ்டில் கழித்தேன். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், மருந்து, வீட்டுக் கடிதம் என எல்லாமே வானிலிருந்துதான் எங்களுக்கு வந்தன. ஆகவே ஹெலிகாப்டரைப் பற்றி நான் அறிந்ததில் பெரும்பகுதி, அது வருமா வராதா என்று கீழே நின்று காத்திருந்த நாள்களில் அறிந்துகொண்டது.

இந்தக் கேள்வி பரவலாக எழுந்தது 2022, 2023ஆம் ஆண்டுகளில். 2022 அக்டோபர் 5 அன்று தவாங் அருகே ‘சீட்டா’ வகை ஹெலிகாப்டர் ஒன்று விழுந்து, அதிலிருந்த இரு விமானிகளில் ஒருவர் இறந்தார். அதே மாதம் 21ஆம் தேதி அப்பர் சியாங் மாவட்டத்தில், டூட்டிங்குக்குத் தெற்கே மிக்கிங் என்ற ஊருக்கு அருகே ‘ருத்ரா’ என்ற ஆயுதம் தாங்கிய ஹெலிகாப்டர் ஒன்று விழுந்து ஐந்து பேர் இறந்தனர். 2023 மார்ச் 16 அன்று மேற்கு காமெங் மாவட்டத்தின் மண்டலா பகுதியில் மற்றொரு சீட்டா விழுந்து, அதிலிருந்த இரு விமானிகளும் இறந்தனர்; அவர்களில் ஒருவர் நம் தேனி மாவட்டத்தைச் சேர்ந்த மேஜர். ஆறு மாதங்களுக்குள் ஒரே மாநிலத்தில் எட்டு உயிர்கள் போயின. சீட்டா என்றதும் எல்லாரும் அதன் வயதைப் பற்றிப் பேசினார்கள். அதில் நியாயம் உண்டு. பிரான்ஸின் லாமா ஹெலிகாப்டரை உரிமம் பெற்று 1970களிலிருந்து நம் அரசு நிறுவனமான எச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) தயாரித்ததுதான் சீட்டா, ஒற்றை எஞ்சின் கொண்டது, தானியங்கிப் பறத்தல் வசதி இல்லாதது. அவற்றை மாற்ற வேண்டும் என்று விமானிகளின் மனைவியரே ஒன்றுகூடி 2015 வாக்கில் பாதுகாப்பு அமைச்சரிடம் முறையிட்டார்கள். ரஷ்யாவுடன் சேர்ந்து 200 காமோவ் ஹெலிகாப்டர்களைத் தயாரிக்க அதே ஆண்டு செய்துகொண்ட உடன்படிக்கை கைகூடவில்லை, எச்.ஏ.எல்.லின் சொந்த இலகுரக ஹெலிகாப்டர் 2016இல் முதன்முதலாகப் பறந்தபோதிலும், அது சீட்டாக்களின் இடத்தைப் பிடிக்கும் நாள் தள்ளிக்கொண்டே போனது. இந்தத் தாமதத்துக்கு யாரும் சமாதானம் சொல்ல முடியாது.

ஆனால் ருத்ரா பழைய இயந்திரம் இல்லையே. மிக்கிங்கில் விழுந்த ஹெலிகாப்டர் 2015 ஜூனில்தான் படையில் சேர்க்கப்பட்டது என்றும், அன்று வானிலை பறப்பதற்கு ஏற்றதாக இருந்தது என்றும், விமானிகள் இருவரும் சேர்ந்து அந்த வகையில் மட்டும் 600 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர்கள் என்றும் ராணுவமே அறிவித்தது. விழுவதற்கு முன் விமானி அபாய அழைப்பு விடுத்திருந்ததால், தொழில்நுட்பக் கோளாறு இருக்கலாம் என்றும் அந்த அறிவிப்பு கூறியது. 2017 அக்டோபர் 6 அன்று தவாங்கில் விழுந்து ஏழு பேரைப் பலிகொண்ட விமானப்படையின் எம்.ஐ.-17 வி5 வகையும் அப்போது புதியதாகவே கருதப்பட்டது. எனவே ‘பழசு, அதனால் விழுந்தது’ என்ற ஒற்றை வரி பாதி விபத்துகளுக்குக்கூடப் பொருந்தாது.

அந்த 2017 விபத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது நடந்தது நான் அன்றாடம் பார்த்துப் பழகிய ஒரு வேலையின்போது. தவாங்கை அடுத்த யாங்ட்சே என்ற எல்லைப் பகுதியிலிருந்த படையினருக்குப் பொருள் போடுவதற்காக அந்த ஹெலிகாப்டர் அதிகாலையில் சென்றிருந்தது. இறங்குவதற்குச் சமதளம் இல்லாத போஸ்டுகளுக்கு, மண்ணெண்ணெய் ஜெரிக்கேன்களை வலையில் கட்டி, பாராசூட் பூட்டி, பறந்தபடியே வெளியே தள்ளுவார்கள். கீழே நாங்கள் துணியால் அடையாளம் விரித்து, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று விமானிக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகப் புகை மூட்டி வைப்போம். ஹெலிகாப்டர் மெதுவாக வந்தால்தான் சுமை அடையாளத்தின்மேல் விழும். சற்றே வேகமாக வந்தாலும் பக்கத்துப் பள்ளத்தில் போய் விழுந்துவிடும், அதைத் தூக்கி வர எங்களுக்கு அரை நாள் ஆகும். அப்படி வெளியே தள்ளப்பட்ட சுமையோ அதன் பாராசூட்டோ வால் சுழலியில் பட்டதுதான் 2017 விபத்துக்குக் காரணம் என்று தொடக்க விசாரணையை ஒட்டிச் செய்திகள் வெளியாயின. வால் சுழலி போனால், மேலே சுற்றும் பெரிய சுழலியின் எதிர்வினையால் ஹெலிகாப்டர் தன்னைத்தானே பம்பரம் போலச் சுற்றத் தொடங்கிவிடும். தரைக்கு மிக அருகே அது நேர்ந்தால் விமானியால் செய்யக்கூடியது ஏறத்தாழ ஒன்றுமில்லை.

இனி உயரத்தைப் பற்றி. 15,000 அடியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 63 விழுக்காடுதான். மனிதனுக்கு மூச்சு வாங்குவதைப் போலவே எஞ்சினுக்கும் மூச்சு வாங்குகிறது. போதாததற்கு, சுழலியின் இறக்கைகள் பற்றி மேலெழுவதற்கான காற்றும் மெலிந்துவிடுகிறது. இழப்பு இரண்டு பக்கமும் நேர்கிறது. கீழே சமவெளியில் ஒரு விமானி தவறாகக் கணித்தால் எஞ்சினில் மிச்சமிருக்கும் வலுவைக் கொண்டு அதைச் சரிசெய்துகொள்ளலாம். மேலே அந்த மிச்சம் கிடையாது. முழு வலுவும் அந்தரத்தில் நிற்பதற்கே செலவாகிவிடுகிறது. திடீரென்று முதுகுப் பக்கமிருந்து காற்று வீசினாலும், வெயில் ஏறி வெப்பம் சில பாகை கூடினாலும் கணக்கு மாறிவிடும். எங்கள் போஸ்டுக்கு வரும் சுமையின் எடையை ஒரு ஜெரிக்கேன் கூடாமல் குறையாமல் எண்ணி அனுப்புவார்கள். ‘இன்னும் இரண்டு சேர்த்து அனுப்பினால் என்ன’ என்று புதிதாக வந்த எங்கள் ஆட்கள் முணுமுணுப்பதுண்டு. சேர்த்து அனுப்ப முடியாதது கஞ்சத்தனத்தால் இல்லை என்பது புரிய ஒரு குளிர்காலம் ஆகும்.

இங்கே ஒரு பழைய செய்தி நினைவுக்கு வருகிறது. சீட்டாவின் பிரெஞ்சு மூலமான லாமாவில்தான் ழான் புலே என்ற விமானி 1972 ஜூன் 21 அன்று 12,442 மீட்டர் உயரம் ஏறிச் சாதனை படைத்தார். அந்த உச்சத்தில் எஞ்சின் அணைந்துவிட்டது. எஞ்சின் நின்ற ஹெலிகாப்டர் கல்லைப் போல விழுந்துவிடுவதில்லை. இறங்கும்போது கீழிருந்து எழும் காற்று சுழலியைச் சுற்றிக்கொண்டே இருக்கும், அந்தச் சுழற்சியைக் கொண்டு தரையில் இறக்கலாம். புலே அப்படித்தான் தரை வரை இறங்கினார். ஆனால் கடைசி நொடிகளில் இறக்குவதற்கு ஒரு சமமான திடல் வேண்டும். சியாங் பள்ளத்தாக்கிலோ காமெங் மலைகளிலோ, செங்குத்தான சரிவில் மூங்கிலும் மரமும் பாறையும் நெருங்கி நிற்கும் இடத்தில், அந்தத் திடலுக்கு எங்கே போவது? எஞ்சின் கோளாறு சமவெளியில் ஒரு வயலில் இறங்குவதோடு முடிந்துபோகலாம். அதே கோளாறு இங்கே உயிரை வாங்கிவிடுகிறது. எந்திரத்தின் வயதைவிட அது பறக்கும் நிலத்தை முன்னே வைத்து நான் பேசுவது இதனால்தான்.

மேகம் இன்னொரு பெரிய வில்லங்கம். 2023 மார்ச்சில் அந்தச் சீட்டா காலை ஒன்பது மணியளவில் செங்கேயிலிருந்து அசாமின் மிசாமாரிக்குப் புறப்பட்டது, 9.15 மணியளவில் கட்டுப்பாட்டு அறையுடன் தொடர்பு அறுந்தது. தேடும் பகுதியில் கைப்பேசிச் சமிக்ஞை இல்லை என்றும், மூடுபனியால் ஐந்து மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை என்றும் காவல்துறை அன்றே கூறியது. அருணாசல மேகம் மேலிருந்து இறங்கி வருவது குறைவு. பள்ளத்தாக்கின் அடியிலிருந்து, பால் பொங்குவதைப் போல ஏறி வரும். விமானி உள்ளே நுழையும்போது திறந்திருந்த வழி, பத்து நிமிடத்தில் பின்னால் அடைத்துக்கொள்ளும். பள்ளத்தாக்கு குறுகலாக இருந்தால் திரும்புவதற்கு அகலம் இருக்காது. மேலே எழும்பித் தப்பலாம் என்றால் முகட்டைத் தாண்டும் வலு வேண்டும். மேகத்துக்குள் சிக்கியவருக்கு எது மேல், எது கீழ் என்று உடம்பு சொல்வதே தவறாகிவிடும். 2021 டிசம்பரில் குன்னூரில் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்ட பதினான்கு பேர் இறந்த விபத்துக்கும், எதிர்பாராமல் மாறிய வானிலையால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்து விமானி திசையுணர்வு இழந்ததையே விசாரணை காரணமாகக் காட்டியது. நீலகிரிக்கும் எல்லைக்கும் தொடர்பில்லை. மேகம் செய்யும் வேலை மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றே.

விபத்துக்குப் பின் மீட்பு ஏன் தாமதமாகிறது என்றும் சிலர் கோபத்துடன் கேட்கிறார்கள். சாலை இல்லாத இடத்துக்குத்தான் ஹெலிகாப்டர் போகிறது. எனவே அது விழுவதும் பெரும்பாலும் சாலை இல்லாத இடத்தில்தான். மிக்கிங்கில் விபத்து நடந்த இடத்துக்குச் சாலை இல்லை. நான்கு உடல்கள் அன்றும் ஐந்தாவது மறுநாளும் மீட்கப்பட்டன. அந்த மலைகளில் இதை நான் விரைவான மீட்பு என்றே சொல்வேன். 2011 ஏப்ரல் 30 அன்று தவாங்கிலிருந்து புறப்பட்ட முதலமைச்சர் டோர்ஜி காண்டுவின் ஹெலிகாப்டர் (அது ராணுவத்தைச் சேர்ந்ததில்லை) ஐந்தாம் நாள்தான் கிடைத்தது. போர் விமானங்களும் செயற்கைக்கோளும் தேடியும், கண்டுபிடித்தவர்கள் உள்ளூர் மக்களே. 2019 ஜூன் 3 அன்று அருணாசலத்தின் மெச்சுகாவுக்குச் சென்ற விமானப்படையின் ஏ.என்.-32 சரக்கு விமானத்தின் சிதைவு எட்டு நாள் கழித்து 12,000 அடி உயரத்தில் தென்பட்டது. தகவல் தருவோருக்கு விமானப்படை ஐந்து லட்சம் ரூபாய் அறிவிக்க வேண்டியிருந்தது. அதிலிருந்த 13 பேரில் யாரும் பிழைக்கவில்லை. உடல்களை மீட்கப் போன குழுவினரே வானிலையால் திரும்ப முடியாமல் பல நாள் அந்த மலையில் அகப்பட்டுக்கொண்டார்கள்.

2017இல் இறந்த எழுவரின் உடல்கள் சாக்கிலும் அட்டையிலும் சுற்றிக் கட்டப்பட்டிருந்த படம் வெளியானபோது நாடே கொதித்தது. ஓய்வுபெற்ற லெப்டினன்ட் ஜெனரல் எச்.எஸ்.பனாக் அதை வெளியிட்டிருந்தார். அது நடந்திருக்கக் கூடாத ஒன்று என்று ராணுவம் ஒப்புக்கொண்டது. கூடவே, அந்த உயரத்தில் ஹெலிகாப்டரால் முழுச் சுமை எடுக்க முடியாததால் சவப்பெட்டிகளைக் கொண்டுபோக இயலாமல், அங்கே கிடைத்ததைக் கொண்டு சுற்றி அனுப்பியதாகவும் விளக்கம் வந்தது. அந்தப் படத்தைப் பார்த்து எனக்கும் நெஞ்சு அடைத்தது. ஆனால் அந்த விளக்கத்தை வெறும் சாக்குப்போக்கு என்று தள்ள என்னால் முடியவில்லை. அந்த எடைக் கணக்கை நான் ஜெரிக்கேன்களில் பார்த்திருக்கிறேன்.

‘விமானியின் தவறா’ என்பது அடுத்த கேள்வி. 2017 முதல் 2022 வரையிலான ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் விமானப்படையில் 34 விபத்துகள் நிகழ்ந்தன என்றும், அவற்றில் 19 மனிதத் தவறால் நேர்ந்தவை என்றும் நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கை கூறியது. அது எல்லா வகை விமானங்களுக்குமான கணக்கு. ‘மனிதத் தவறு’ என்ற சொல்லை நான் மறுக்கவில்லை. ஆனால் அது விசாரணையை முடித்துவைக்கும் சொல்லாகப் பயன்படுவதை ஏற்கவில்லை. ராணுவ விசாரணை அறிக்கைகள் பொதுவாக முழுமையாக வெளியிடப்படுவதில்லை என்பதால், அந்தத் தவறுக்குப் பின்னால் என்ன நெருக்கடி இருந்தது என்பது வெளியே வருவதே இல்லை. கீழே ஒரு போஸ்ட் காத்திருக்கிறது என்பது விமானிக்குத் தெரியும். 13,700 அடி உயரச் சேலா கணவாய்க்குக் கீழே 2024 மார்ச்சில் சுரங்கப்பாதை திறக்கப்பட்டபின் தவாங் வரைக்குமான சாலைப் போக்குவரத்து எளிதாகியிருக்கிறது. தவாங்கைத் தாண்டி மேலே இருக்கும் முகடுகளுக்கு அந்தச் சுரங்கம் போகவில்லை. அங்கே சாலை எட்டாத போஸ்டுகளுக்கு, ஹெலிகாப்டரை விட்டால் முதுகில் சுமந்து போவதுதான் வழி.

எங்கள் போஸ்டில் ஒரு டிசம்பரில் ஒன்பது நாள் மேகம் விலகவில்லை. பத்தாம் நாள் காலையில் ஹெலிகாப்டரின் ஒலி கேட்டது. துணியை விரித்து, புகை மூட்டி, கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றோம். பள்ளத்தாக்கின் வாயில் வரை வந்த ஹெலிகாப்டர் ஒரு வட்டமடித்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. எங்கள் தலைக்கு மேலே வானம் நீலமாக இருந்தது. விமானி மேலிருந்து எதைப் பார்த்தார் என்பது எங்களுக்குத் தெரியவில்லை. லங்கரில் (எங்கள் சமையற்கூடத்தில்) அன்று அந்த விமானியைத் திட்டாதவர் இல்லை, நானும் திட்டினேன். அரை மணி நேரத்தில் கீழிருந்து மேகம் ஏறி வந்து, பத்தடியில் இருந்த பதுங்குகுழியே கண்ணுக்கு மறைந்தபோதுதான் பேச்சு அடங்கியது. மண்ணெண்ணெய் பதின்மூன்றாம் நாள் வந்தது. அதுவரை மூன்று புகாரி அடுப்புகளில் ஒன்றை மட்டும் எரித்து, எல்லாரும் அந்த ஒரே பாராக்கில் நெருக்கியடித்துப் படுத்துக்கொண்டோம்.