வரைபடத்தில் கோடு போட்டால் கடல் சொந்தமாகிவிடுமா?

கேள்வி: வார இறுதியில் நண்பர்களோடு படகு வாடகைக்கு எடுத்து, சிங்கப்பூரின் மேற்கு முனையில் இருக்கும் துவாஸ் பக்கம் மீன் பிடிக்கப் போவோம். 2018-இல் மலேசியா அங்கே துறைமுக எல்லையை நீட்டித்தது நினைவிருக்கிறது. ஒரு நாடு தானாக அறிவித்த கோடு சட்டப்படி எல்லையாகிவிடுமா? அந்நாட்டு ரோந்துப் படகு மறித்தால் என்ன செய்வது?

பதில்: ஆகாது. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை தன் கடல் என்று அறிவிக்க ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு. ஆனால் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இடையிலுள்ள ஜோகூர் நீரிணை போன்ற இடத்தில் அத்தனை அகலத்துக்குக் கடல் ஏது? அப்படிப்பட்ட இடங்களுக்காகத்தான் 1982-ஆம் ஆண்டின் ஐநா கடல் சட்ட ஒப்பந்தத்தில் 15-ஆவது விதி இருக்கிறது. உடன்பாடு எட்டும்வரை இரு கரைகளுக்கும் இடையிலான நடுக்கோட்டைத் தாண்டி எந்த நாடும் தன் எல்லையை நீட்ட முடியாது. வரலாற்று உரிமை, சிறப்புச் சூழல் ஆகியவை மட்டுமே விதிவிலக்கு. கடலெல்லை ஒரு நாட்டின் உள்நாட்டுச் சட்டத்தை மட்டும் பொறுத்ததல்ல என்று அனைத்துலக நீதிமன்றம் 1951-லேயே, பிரிட்டன் - நார்வே மீன்பிடி வழக்கில், சொல்லிவிட்டது.

அப்படியானால் சிங்கப்பூர் ஏன் ஒவ்வொரு முறையும் எழுத்தில் ஆட்சேபிக்கிறது? மௌனமும் சாட்சியாகிவிடும் என்பதால்தான். 1979-இல் மலேசியா வெளியிட்ட வரைபடம் பெட்ரா பிராங்கா என்ற சிறு பாறைத் தீவைத் தன் எல்லைக்குள் காட்டியது. 1980 பிப்ரவரியிலேயே சிங்கப்பூர் மறுப்புத் தெரிவித்தது. 2008-இல் நீதிமன்றம் அந்தத் தீவை நமக்குத் தந்தபோது வரைபடம் எடுபடவில்லை. அந்தப் பாறைக்கு உரிமை கோரவில்லை என்று, இன்று மலேசிய மாநிலமாக இருக்கும் ஜோகூர் 1953-இல் எழுதிய கடிதமும், சிங்கப்பூர் அங்கே நிர்வாகம் நடத்தியபோது மறுபக்கம் பேசாமல் இருந்ததும்தான் எடை பெற்றன. வழக்கில் என்னை மிகவும் யோசிக்க வைத்த பகுதி இதுதான். ஆட்சேபக் கடிதங்களை வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள் இந்தத் தீர்ப்பை ஒருமுறை படிக்க வேண்டும்.

துவாஸ் விவகாரத்தில், 2018 அக்டோபரில் மலேசியா அறிவித்த எல்லை அதன் 1979 வரைபடக் கோட்டையே தாண்டியது என்பது சிங்கப்பூரின் வாதம். டிசம்பரில் சிங்கப்பூரும் தன் துறைமுக எல்லையை நீட்டித்தது. மறு பிப்ரவரியில் மலேசிய அரசுக் கப்பல் ஒன்று கிரேக்கச் சரக்குக் கப்பலோடு மோதியது. அப்புறம் 2019 ஏப்ரலில் இரு நாடுகளும் பழைய துறைமுக எல்லைகளுக்கே திரும்பின. இப்படி இடைக்கால ஏற்பாடு செய்துகொள்வதால் எந்த நாட்டின் உரிமையும் பறிபோகாது.

சரி, உங்கள் படகுக்கு வருவோம். சட்டம் நம் பக்கம் என்று கடலில் நின்று வாதாடாதீர்கள். அது வெளியுறவு அமைச்சின் வேலை. புறப்படுமுன் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் அறிவிப்புகளைப் பாருங்கள். எல்லைக்கு அருகே நங்கூரம் போட வேண்டாம், நீரோட்டம் படகை நகர்த்திவிடும். யாராவது மறித்தால் பணிவாகப் பேசுங்கள், வேகமெடுத்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். ஜிபிஎஸ் காட்டும் இடத்தையும் நேரத்தையும் உடனே குறித்துக்கொண்டு நம் கடலோரக் காவல் படைக்குத் தகவல் சொல்லுங்கள்.