கரண்டு போனால் தண்ணீர் எங்கே போகும்?

வாசகர் கேள்வி – பதில்: வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி

சுங்கை சிப்புட்டிலிருந்தும் பேராக்கின் பிற ஊர்களிலிருந்தும் கடல்நீர்த் தொட்டி பற்றி வந்த கேள்விகள் ஒரு கட்டு சேர்ந்துவிட்டன. முதல் இரண்டும் ஒரே வாசகருடையவை. அவற்றுக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் தொட்டி செய்யச் சொல்லியிருக்கிறேன். எங்களுடையது பழைய தோட்டத்து வீடு. முன்கூடம் சிமெண்டுத் தரை, பின்னறை பலகைத் தரை. எங்கே வைக்கலாம்?

முன்கூடத்தில் வையுங்கள். பலகைத் தரையை நினைக்கவே வேண்டாம். உங்கள் தொட்டியில் ஏறக்குறைய 520 லிட்டர் நிற்கும். கடல்நீர் லிட்டருக்கு ஒரு கிலோவைவிடச் சற்றுக் கூடுதல், அதனால் தண்ணீர் மட்டும் 530 கிலோ. 12 மில்லிமீட்டர் கண்ணாடி நூறு கிலோவைத் தாண்டும். கல், மணல், கீழே இருக்கும் சம்ப் (பம்பு இருக்கும் துணைத்தொட்டி), அலமாரி எல்லாம் சேர்த்தால் ஒரு டன்னுக்குக் கொஞ்சம்தான் குறையும். பலகைத் தரை உடனே உடையாது. மெல்ல ஒரு பக்கம் தாழும், அப்போது கண்ணாடி முறுக்கிக்கொண்டு சிலிக்கான் ஒட்டு விடும்.

பழைய சிமெண்டுத் தரையும் தண்ணீர் ஓட வாசல் பக்கம் சரிந்துதான் இருக்கும். மட்டப்பலகையை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் வைத்துப் பாருங்கள். சரிவை அலமாரியின் காலுக்கடியில் சரிசெய்ய வேண்டும், தொட்டிக்கடியில் அட்டை சொருகக் கூடாது. விளிம்புச் சட்டம் இல்லாத தொட்டி என்றால், அடியில் முழு அகலத்துக்கும் மெல்லிய நுரைப்பாய் ஒன்று விரித்துக்கொள்ளுங்கள்.

சம்ப் மூன்றடிக்கு ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி. பைப் வேலையை நானே செய்ய நினைக்கிறேன். எத்தனை ஓட்டை, என்ன அளவு, எதில் கவனமாக இருக்க வேண்டும்?

மேல் தொட்டியின் தண்ணீர் பல் வெட்டிய ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள் வழிந்து பைப் வழியே சம்புக்கு இறங்கும், அங்கிருந்து பம்ப் அதை ரிட்டர்ன் பைப்பில் மேலே ஏற்றும். பைப்பை வெட்டுமுன் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடுங்கள். நம் ஊரில் மாலை மழையோடு இடி இடித்தால் கரண்டு போவது புதிதல்ல. பம்ப் நின்ற அந்த நிமிடம் மேலே இருக்கும் தண்ணீரில் ஒரு பங்கு கீழே இறங்கும். அதைச் சம்ப் தாங்குமா என்பதுதான் முழு வேலைக்கும் அடிப்படை.

உங்கள் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் உயரம் என்பது சுமார் 9 லிட்டர். சம்பில் ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 4 லிட்டர். பம்ப் ஓடும்போது தண்ணீர் ஓவர்ஃப்ளோ பற்களின் அடிமட்டத்துக்கு மேல் 2 சென்டிமீட்டர் நிற்கும் என்று வையுங்கள்: 18 லிட்டர். ரிட்டர்ன் பைப்பின் வாய் பல் மட்டத்துக்குக் கீழே 2 சென்டிமீட்டரில் இருந்தால், அது தண்ணீரைத் திரும்ப உறிஞ்சும்போது இன்னொரு 18. ஓவர்ஃப்ளோ பெட்டியும் பைப்பும் காலியாவதில் ஒரு 12. மொத்தம் 48 லிட்டர், அதாவது சம்ப் மட்டம் 11 அல்லது 12 சென்டிமீட்டர் ஏறும். சம்பின் உயரம் 45. ஓடும்போது பாதி, 23 சென்டிமீட்டர் வைத்திருந்தால் பிரச்சினை இல்லை.

அதே ரிட்டர்ன் வாயை அழகுக்காக 10 சென்டிமீட்டர் கீழே இறக்கிவிட்டீர்கள் என்றால் இன்னும் 72 லிட்டர் கூடும். 120 லிட்டர் வந்தால் சம்ப் பொங்கித் தரையெல்லாம் உப்புத் தண்ணீர்தான். ஒருவழி வால்வு போட்டுவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. ஆறு மாதத்தில் உப்பும் பாசியும் பிடித்து அது சரியாக மூடாது. ரிட்டர்ன் பைப்பில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே 6 மில்லிமீட்டர் ஓட்டை போடலாம், காற்று புகுந்து உறிஞ்சல் அறுந்துவிடும். ஆனால் அதையும் ஒரு நத்தை வந்து அடைத்துக்கொள்ளும். ஆகவே ஓட்டையைத் துணையாக வையுங்கள், வாயை மேலேயே வையுங்கள்.

எதிர்த்திசையிலும் ஒரு கணக்கு உண்டு. இறங்கும் பைப் அடைத்துக்கொண்டு பம்ப் மட்டும் ஓடினால், பம்ப் இருக்கும் அறை வற்றும்வரை தண்ணீர் மேலே போகும். அந்த அறை 25 சென்டிமீட்டர் அகலமும் 20 சென்டிமீட்டர் ஆழமும் என்றால் 23 லிட்டர். மேல் தொட்டி இரண்டரை சென்டிமீட்டர் ஏறும். ஓடும் மட்டத்துக்கும் கண்ணாடி விளிம்புக்கும் இடையே 4 சென்டிமீட்டர் விடுங்கள்.

இனி ஓட்டைகள். மூன்று போதும்: இறக்க இரண்டு, ஏற்ற ஒன்று. முதல் இறக்கம் முழுக்கத் தண்ணீர் நிறைந்து சத்தமில்லாமல் ஓடும், அதில்தான் ஓட்டத்தை மெல்ல மட்டுப்படுத்தும் கேட் வால்வு. இரண்டாவது அவசரத்துக்கு, வாய் கொஞ்சம் உயரத்தில் இருக்கும். அதில் எந்த வால்வும் போடாதீர்கள். முதலாவது அடைத்துக்கொண்டால் முழு ஓட்டத்தையும் அது ஒன்றே தாங்க வேண்டும். இரண்டுமே 1 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, ஒன்றரை அங்குலம் என்றால் நிம்மதி.

ஓட்டையைத் தொட்டி கட்டும் கடையிலேயே, ஒட்டுவதற்கு முன் போட்டு வாங்குங்கள். டெம்பர்ட் கண்ணாடியில் ஓட்டை போடவே முடியாது, வைரப் பிட் பட்டதும் பொடிப்பொடியாகச் சிதறும். டேங்க் கனெக்டரை (ஓட்டையில் பைப்பைப் பொருத்தும் துண்டு) முன்பே வாங்கி, அதன் கழுத்தை அளந்து, அந்த அளவைக் கடைக்காரரிடம் கொடுங்கள். ‘ஒரு அங்குலக் கனெக்டர்’ என்று வாயால் சொன்னால் ஒரு அங்குல ஓட்டை போட்டுவிடுவார், ஆனால் கழுத்துக்கு அதைவிடப் பெரிய ஓட்டை வேண்டும். ஓட்டை விளிம்புக்கும் கண்ணாடி ஓரத்துக்கும் இடையே ஓட்டையின் விட்ட அளவாவது இடைவெளி வேண்டும். ரப்பர் வாஷர் கனெக்டரின் அகன்ற விளிம்புப் பக்கம் வரும், நட்டுப் பக்கம் அல்ல. அதில் சிலிக்கான் தடவாதீர்கள். கையால் இறுக்கி, பிறகு கால் சுற்று. அதற்கு மேல் இறுக்கினால் வாஷர் பிதுங்கும், சில நேரம் கண்ணாடி விரியும்.

பைப் வாங்கும்போது பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று. நம் ஹார்ட்வேர் கடைப் பைப் அங்குலக் கணக்கு, 1 அங்குலப் பைப்பின் வெளிவிட்டம் 33.5 மில்லிமீட்டர். இணையத்தில் வாங்கும் மீன்தொட்டி வால்வுகள் பலவும் 32 மில்லிமீட்டர் பைப்புக்குச் செய்தவை. ஒன்றரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் ஒன்று நுழையாது அல்லது தொளதொளவென்று நிற்கும். பசை அந்த இடைவெளியை அடைக்காது. எல்லாவற்றையும் ஒரே அளவு வகையில் வாங்குங்கள். மழைநீர்ப் பைப் வேண்டாம், குடிநீருக்கான கெட்டிப் பைப் எடுங்கள்.

பசை போடுமுன் எல்லாத் துண்டுகளையும் பசையில்லாமல் கோத்துப் பார்த்து, மார்க்கர் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். பிசிர் சுரண்டி, துடைத்து, இரு பக்கமும் பசை தடவி, கால் சுற்றுத் திருகி நுழைத்து, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். விட்டால் பைப் வெளியே தள்ளிக்கொண்டு வரும். ஒரு நாள் முழுக்க உலரவிடுங்கள். மரையுள்ள இடத்தில் வெள்ளை டேப், ஒட்டும் இடத்தில் பசை; இரண்டையும் ஒரே மூட்டில் போடக் கூடாது. பம்புக்கு மேலும் வால்வுக்குக் கீழும் ஒரு யூனியன் (கழற்றிப் பூட்டும் இணைப்பு) வைத்தால்தான் பிறகு கழற்றிக் கழுவ முடியும். 90 பாகை எல்போ ஒன்றுக்குப் பதில் 45 பாகை இரண்டு போட்டால் ஓட்டம் தடைபடாது.

ரிட்டர்ன் பம்ப் மணிக்கு 1,600 முதல் 2,500 லிட்டர் வரை மேலே கொண்டுபோனால் போதும். அட்டைப்பெட்டியில் 4,000 என்று போட்டிருக்கும், அது உயரமே இல்லாத நிலையில் உள்ள கணக்கு. ஒன்றரை மீட்டர் ஏறும்போது எவ்வளவு மிஞ்சும் என்று பெட்டியில் இருக்கும் வளைகோட்டைப் பாருங்கள். பவளத்துக்கு வேண்டிய அலையை இந்தப் பம்பிடம் எதிர்பார்க்காதீர்கள், அதற்கு வேவ்மேக்கர் தனி.

உப்புப் போடுமுன் வெறும் குழாய்த் தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் ஓட்டுங்கள். நடுவில் பத்துத் தடவையாவது சுவிட்சை அணைத்துப் போட்டு, சம்ப் எதுவரை ஏறுகிறது என்று பார்த்து, ஓடும்போது நிற்க வேண்டிய அதிகபட்ச மட்டத்துக்குச் சிவப்பு டேப் ஒட்டுங்கள். அதற்கு மேல் யாரும் தண்ணீர் ஊற்றக் கூடாது, உதவி செய்ய வரும் மாமனார் உட்பட.

ஹார்ட்வேர் கடையில் கேட் வால்வு என்று கேட்டால் பித்தளையில்தான் தருகிறார்கள். போடலாமா?
(பாகான் செராய்)

கூடாது. பித்தளையில் செம்பு இருக்கிறது. உப்புத் தண்ணீர் அதை அரித்து எடுக்கும். மீன் ஓரளவு தாங்கும், இறாலும் நத்தையும் பவளமும் தாங்கா. கல்லில் ஊறிய செம்பு பிறகு மெல்ல வெளியே வந்துகொண்டே இருக்கும். பிவிசி கேட் வால்வு தேடி வாங்குங்கள். இரும்புக் கிளிப்பும் வேண்டாம்.

ஓவர்ஃப்ளோ பைப் இரவெல்லாம் கழிவறைத் தொட்டி மாதிரி களகள என்று சத்தம் போடுகிறது. வீட்டில் திட்டு விழுகிறது.
(சுங்கை சிப்புட்)

தண்ணீரோடு காற்றும் போகிறது. முதல் பைப்பின் கேட் வால்வை முழுக்கத் திறந்து, பிறகு சிறிது சிறிதாக மூடுங்கள். கால் சுற்று மூடி, பத்து நிமிடம் காத்திருந்து, மறுபடி கால் சுற்று. பெட்டியில் மட்டம் ஏறி, அவசரப் பைப்பில் நூல் போல் கொஞ்சம் வழியத் தொடங்கும்போது நிறுத்துங்கள், சத்தம் அடங்கிவிடும். இந்த நுணுக்கம் பந்து வைத்த ‘பால்’ (ball) வால்வில் வராது, மயிரிழை திருகினாலே ஓட்டம் பாதியாகும். சம்பில் பைப்பின் முனை 2 அல்லது 3 சென்டிமீட்டர் மட்டும் தண்ணீருக்குள் இருக்கட்டும். ஆழமாக முக்கினால் கரண்டு திரும்பி வரும்போது உள்ளே சிக்கிய காற்று வெளியேற வழியில்லாமல் பைப் சரியாக இழுக்காது. சில வாரம் கழித்துச் சத்தம் மறுபடி வந்தால் வால்வைத் தொடாதீர்கள், முதலில் பம்பைக் கழுவுங்கள்.

தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மெஷின் வாங்கினேன். குளியலறைக் குழாயில் மாட்டினால் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. மெஷின் பழுதா?
(கோலகங்சார்)

மெஷினில் குறை இருக்காது. குளியலறைக் குழாய் கூரைத் தொட்டியிலிருந்து வரும். மூன்று மீட்டர் உயரத்துக்கு அழுத்தம் 0.3 பார்தான். ஆர்.ஓ. சவ்வுக்கு 3 பாருக்கு மேல் வேண்டும். பெரும்பாலான வீடுகளில் சமையலறைக் குழாய் நேரே மெயின் லைனில் இருக்கும், அதில் மாட்டிப் பாருங்கள். அங்கும் குறைவு என்றால் பூஸ்டர் பம்ப். கழிவாகப் போகும் தண்ணீரை வாளியில் பிடித்துத் துணி துவைக்கலாம், கறிவேப்பிலைக்கு ஊற்றலாம்.

இந்த நன்னீர் உப்புக் கரைக்க மட்டுமல்ல. ஆவியாகிப் போவது தண்ணீர்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அதனால் தினம் ஈடுகட்டும் நீர் நன்னீராகவே இருக்க வேண்டும். தானாக ஊற்றும் கருவி வைத்தால் அதன் பீப்பாய் 20 லிட்டரைத் தாண்ட வேண்டாம். மிதவை சிக்கி முழுவதும் இறங்கினாலும், தொட்டியும் சம்பும் சேர்ந்து 580 லிட்டர் உள்ள அமைப்பில் உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கிலிருந்து 34க்கு அருகே வரும், அவ்வளவுதான். நூறு லிட்டர் பீப்பாயை மாட்டி வைத்தால் அதே சிக்கல் விபத்தாகும்.

தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் விலை அதிகம். காற்றாடி வைத்தால் போதாதா?
(சுங்கை சிப்புட்)

மீன் மட்டும் என்றால் சமாளித்துப் பார்க்கலாம். காற்றாடி ஆவியாக்கித்தான் குளிர்விக்கிறது. நம் ஈரக்காற்றில் இரண்டு பாகை குறைந்தால் பெரிது. மதியம் வீட்டுக்குள் 32 என்றால், பம்புச் சூடும் சேர்ந்து தொட்டி 30க்குக் கீழே இறங்காது. பவளத்துக்கு 26 பக்கம் வேண்டும். 600 லிட்டருக்கு மூன்றில் ஒரு குதிரைசக்தி சில்லர் எடுங்கள். கால் குதிரைசக்தி எடுத்தால் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். அதை அலமாரிக்குள் அடைத்து வைக்காதீர்கள், தான் வெளியே விட்ட சூட்டையே திரும்ப இழுக்கும்.

இடி இடித்தால் வீட்டு இ.எல்.சி.பி. (மின்கசிவுப் பாதுகாப்புச் சுவிட்ச்) விழுந்துவிடுகிறது. ஊருக்குப் போயிருக்கும்போது நடந்தால்?
(பீடோர்)

தொட்டிக்குத் தனி லைன் இழுத்து, அதற்கென்று 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்புச் சுவிட்ச் போடச் சொல்லுங்கள். சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையம்) பதிவு செய்த வயர்மேன்தான் இதைச் செய்ய வேண்டும். சுவிட்ச் விழுகிறது என்று அதைக் கழற்றிவிடும் ‘யோசனை’யைக் கேட்காதீர்கள், உப்புத் தண்ணீரும் கையும் சேரும் இடம் இது. பிளக் நீர்மட்டத்துக்கு மேலே, பக்கவாட்டில் இருக்கட்டும். வயர் பிளக்குக்குக் கீழே ஒரு தொங்கல் வளைந்து பிறகு ஏறட்டும், வழிந்த துளி அங்கேயே சொட்டிவிடும். கரண்டு போனதும் தானாக ஓடும் பேட்டரிக் காற்றுப் பம்ப் ஒன்று மேல் தொட்டியில் அவசியம். மீன் முதலில் சாவது மூச்சு முட்டித்தான்.

லூமுட் பக்கம் போகும்போது கடல்நீரும் கல்லும் கொண்டுவரலாமா? உப்பு வாங்கும் காசு மிச்சம்.
(சுங்கை சிப்புட்)

மலாக்கா நீரிணைக் கரையோரம் சேறும் ஆற்றுநீரும் கலந்தது, மழைக்குப் பின் உப்பும் குறையும். 580 லிட்டருக்கு உப்பு 21, 22 கிலோதான் ஆகும். தண்ணீரில் உப்பைத் தூவுங்கள், உப்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் சுண்ணாம்பு திரிந்து வெள்ளையாகப் படியும். உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஆயிரத்துக்கு 35 வர வேண்டும். பவளக் கல்லைத் தொடாதீர்கள், கடல் பூங்காக்களில் எடுப்பது குற்றம். கடையில் கிடைக்கும் உலர்கல் 40, 50 கிலோ போதும். கல்லை முதலில் கண்ணாடி மேல் நிறுத்தி, பிறகு மணல் போடுங்கள். மணல் மேல் கல்லை வைத்தால், மீன் தோண்டித் தோண்டி ஒரு நாள் கல் சரியும்.

தொட்டி ஓடி ஒரு வாரம் ஆகிறது, தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. தீபாவளிக்கு விருந்தாளிகள் வருமுன் மீன் விடலாமா?
(தாப்பா)

விடாதீர்கள். தெளிவாக இருப்பதும் தயாராக இருப்பதும் வேறு. மீன் கழிவின் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா கல்லில் பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். கடல்நீரின் கார அளவு (pH) 8க்கு மேல், நம் சூடும் சேர்ந்தால் அதே அம்மோனியா நன்னீரில் இருப்பதைவிட விஷம் அதிகம். லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா போட்டுச் சோதியுங்கள். 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யமானால் முதல் மீன், அதுவும் ஒன்றிரண்டு. தீபாவளி விருந்தாளிக்குக் கல்லையும் விளக்கையும் காட்டுங்கள், முறுக்கு இருக்கும்போது மீனை யார் கேட்கப்போகிறார்கள்.

டிங்கிக்காகத் தாமானில் புகை அடிக்க வருகிறார்கள். தொட்டிக்கு ஆபத்தா?
(சுங்கை சிப்புட்)

ஆபத்துதான். கொசு மருந்து இறாலுக்குத்தான் முதலில் எமன். ஸ்கிம்மரும் (நுரையால் கழிவைப் பிரிக்கும் கருவி) காற்றுப் பம்பும் அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணீரில் கலக்குபவை, வண்டிச் சத்தம் கேட்டதும் அவற்றை அணையுங்கள். ஜன்னலை மூடி, தொட்டிமேல் ஈரத்துணி விரியுங்கள். சில்லரும் ரிட்டர்ன் பம்பும் ஓடட்டும். புகை கலைந்து ஒரு மணி நேரம் கழித்து ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் வந்த பிறகு ஸ்கிம்மரைப் போடுங்கள். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை அடுத்த அறையில் வைத்துக்கொள்ளலாம், கொசுவர்த்தியும் ஸ்பிரேயும் அந்தக் கூடத்தில் இனி வேண்டாம்.